சிபாரிசில் திறக்கும் கதவு: பிரைவேட் டிராக்கர்களும் ஒரு திருப்பூர்க் கணக்கும்

2004-ஆம் ஆண்டு 'ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ்' என்ற ஆய்விதழில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இரண்டு பொருளியலாளர்கள். பானர்ஜி 2019-இல் நோபல் பரிசு பெற்றவர். 1990களின் ஏற்றுமதியாளர்களை அவர்கள் இரு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். உள்ளூர் விவசாயப் பின்புலத்திலிருந்து பனியன் தொழிலுக்கு வந்த கவுண்டர் சமூகத்தார் ஒரு பிரிவு. வெளியூர்களிலிருந்து தொழில் தேடி வந்தவர்கள் இன்னொரு பிரிவு. சொந்தபந்தங்களின் பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் உள்ளூர்க்காரர்கள் பெரிய முதலோடு தொடங்கினார்கள். வெளியாட்கள் சிறியதாக ஆரம்பித்து, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் அவர்களைத் தாண்டினார்கள். அறிமுகம் உள்ளவருக்குப் பணம் கிடைத்தது. அறிமுகம் இல்லாதவர் வேலையைக் காட்டித்தான் காலூன்ற வேண்டியிருந்தது.

இந்த ஆய்வுக்கும் இணையத்தில் படமும் பாட்டும் பகிரும் மூடிய தளங்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பிரைவேட் டொரண்ட் டிராக்கர் என்பதும் அறிமுகத்தின் பேரில் இயங்கும் ஒரு கடன் சந்தைதான். உள்ளே நுழைய ஒருவருடைய சிபாரிசு வேண்டும். நுழைந்த பிறகு கொடுக்கல் வாங்கல் கணக்கு எழுதப்படும். கணக்கு சரியில்லை என்றால் வெளியேற்றம். ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கிப் பழகிய ஊர்க்காரருக்கு இதில் புரியாதது ஒன்றும் இருக்காது. சேர்வதால் லாபம் உண்டா என்ற கேள்விக்கும் அதே கண்ணோடுதான் விடை தேட வேண்டியிருக்கிறது.

பிட்டொரண்ட் என்ற முறையை 2001-இல் உருவாக்கியவர் பிராம் கோஹன். பெரிய கோப்பு ஒன்றைச் சிறு துண்டுகளாக்கி, துண்டு கிடைத்தவர் கிடைத்ததை உடனே அடுத்தவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. யாரிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்று சேர்த்துவைக்கும் இடைத்தரகர்தான் டிராக்கர். கோப்பு முழுதாகக் கிடைத்த பிறகும் மற்றவருக்காக இணைப்பைத் திறந்துவைத்திருப்பவர் சீடர். எடுத்ததும் மூடிவிட்டுப் போகிறவருக்கு அட்டை என்று பொருள்படும் வசைப்பெயர் உண்டு. இந்த இரண்டாம் வகையினர்தான் எப்போதும் பெரும்பான்மை. பிட்டொரண்ட் வருவதற்கு முன்பே, 2000-இல், நுடெல்லா என்ற பகிர்வு வலையமைப்பை ஆராய்ந்த ஏட்டன் அடாரும் பெர்னார்டோ ஹூபர்மனும், அதைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை என்று கண்டறிந்தார்கள்.

மூடிய தளங்கள் பிறந்தது இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகத்தான். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு தனிச் சாவி எண் உண்டு. அவர் எவ்வளவு எடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த எண்ணின் பேரில் பதிவாகும். கொடுத்ததை எடுத்ததால் வகுத்தால் வருவது ரேஷியோ. தளம் சொல்லும் அளவுக்குக் கீழே ரேஷியோ போனால் எச்சரிக்கை வரும். பிறகு பதிவிறக்கத் தடை, கடைசியில் நீக்கம். டொரண்ட் கோப்பிலேயே ஒரு பூட்டும் இருக்கும்: டிராக்கர் இல்லாமல் கணினிகள் தங்களுக்குள் ஆள் தேடிக்கொள்ளும் வழிகளை அது அடைத்துவிடும். கணக்கில் வராத கொடுக்கல் வாங்கலுக்கு அங்கே இடமில்லை.

பலன் உண்டா என்றால், உண்டு. அதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷெல் மோய்ல்போல்டரும் சகாக்களும் 2010-இல் திறந்த தளங்களையும் மூடிய தளங்களையும் ஒப்பிட்டார்கள். மூடிய தளங்களில் பதிவிறக்க வேகம் 3 முதல் 5 மடங்கு அதிகம். எடுப்பவர் ஒருவருக்கு எத்தனை சீடர்கள் என்ற விகிதம் குறைந்தது 10 மடங்கு அதிகம். சேருங்கள் என்று பரிந்துரைப்பவர்கள் சொல்லும் வேகம், தரம், பழைய கோப்பும் சாகாமல் கிடைப்பது ஆகிய காரணங்கள் எல்லாமே இந்த அளவீட்டோடு ஒத்துப்போகின்றன.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து மறு ஆண்டே வந்த இன்னொரு ஆய்வைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதன் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: வேகமான பதிவிறக்கம், ஆனால் முடிவில்லாத சீடிங். கட்டாய ரேஷியோவின் விளைவாக எல்லோரும் கொடுக்கத் துடிக்கிறார்கள், வாங்க ஆளில்லை. கணினியை நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஓடவிட்டும் கணக்கில் பெரிதாக வரவு ஏறுவதில்லை. இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. ஒருவர் கொடுத்த ஒவ்வொரு ஜிபியும் இன்னொருவர் எடுத்த ஜிபிதான். ஆகவே தளத்திலுள்ள அனைவரின் வரவையும் பற்றையும் கூட்டினால் இரண்டும் சமம். தளத்தின் மொத்த ரேஷியோ எப்போதும் 1. சிலர் 5, 10 என்று வைத்திருந்தால், அந்தப் பற்று வேறு பலர் தலையில் ஏறியிருக்கிறது என்று பொருள். கடைசியாக வந்து சேர்ந்தவர் கடனாளியாகவே தொடங்குகிறார். இது தெரிந்துதான் தளங்கள் சில கோப்புகளை இலவசக் கணக்கில் விடுகின்றன, சீடிங் நேரத்துக்குப் போனஸ் புள்ளி தருகின்றன. சில தளங்கள் நன்கொடை தந்தவர் கணக்கில் வரவு ஏற்றுகின்றன. ரிசர்வ் வங்கி நோட்டு அச்சிடுவது மாதிரியான வேலை இது. காசு கொடுத்து ரேஷியோ வாங்கலாம் என்று வந்த பிறகு, பகிர்வு என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு மரியாதை மிச்சம் என்பது வேறு கேள்வி.

இந்தக் கணக்கைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் இறுக்கமாகிறது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் 2005-இல் வந்தது. அதன் 500 ரூபாய் மாதத் திட்டம் ஒன்றில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை எவ்வளவு எடுத்தாலும் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை டொரண்ட் பழகியது அந்த ஆறு மணி நேரத்தில்தான். இரவில் ஏற்றிவிட்டுப் படுத்தால் காலையில் படம் இருக்கும். ஆனால் அந்தத் தொலைபேசிக் கம்பி இணைப்பில் எடுக்கும் வேகத்தில் ஒரு சிறு பங்குதான் கொடுக்கும் வேகம். இரவு முழுக்க எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பல இரவுகள் ஆகும். பகலில் கொடுக்கலாம் என்றால் மீட்டர் ஓடும்.

பிறகு மின்வெட்டு வந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. நிட்டிங் மெஷினுக்கும் பவர் டேபிளுக்கும் டீசல் ஊற்றியே கம்பெனிகள் நொந்துபோயிருந்த காலத்தில், வீட்டுக் கணினியை இரவு பகலாகச் சீடிங்கில் வைத்திருப்பது நடக்கிற காரியமா? ஐரோப்பாவின் தடையில்லா மின்சாரத்தையும் சம வேக இணைப்பையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் அவை. கொங்குப் பகுதி உறுப்பினர் அந்த விதிகளின்படி இயல்பாகவே சோம்பேறி ஆனார்.

இன்று ஃபைபர் வந்துவிட்டது. கொடுக்கும் வேகமும் எடுக்கும் வேகமும் பல திட்டங்களில் ஒன்றுதான். இப்போது வேறொரு முட்டுக்கட்டை. ஜியோவும் உள்ளூர் கேபிள் இணைய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறைய வாடிக்கையாளர்களை வைக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பு நேராக வீட்டுக் கணினியை எட்டாது. கேட்டு வருபவர் கதவைத் தட்ட முடியாதபோது கொடுப்பதற்கு வாய்ப்பும் குறைகிறது. டெல்ஃப்ட் ஆய்வு மூடிய தளங்களில் கண்ட சிறப்புகளில் ஒன்று, உறுப்பினர்களில் பெரும்பாலோரை வெளியிலிருந்து எட்ட முடிந்தது என்பது. அந்தச் சிறப்பு இங்கே இணைப்பின் அமைப்பிலேயே அடிபடுகிறது.

இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: சீட்பாக்ஸ். நெதர்லாந்திலோ பிரான்ஸிலோ ஒரு சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்து, சீடிங் வேலையை அதனிடம் விட்டுவிடுவது. இருபத்திநாலு மணி நேரமும் ஓடும், ரேஷியோ ஏறும். வாடகை யூரோவில். நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டம் இந்தியாவில் மாதம் 149 ரூபாய் என்று 2021 டிசம்பரில் குறைக்கப்பட்டதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சீட்பாக்ஸ் வைத்திருக்கும் இந்திய உறுப்பினர் அதைவிடக் கூடுதலாகவே செலவழிக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு பைசாகூடப் படத்தைத் தயாரித்தவருக்குப் போவதில்லை. இலவசம் என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை.

உள்ளே நுழையும் வழிகள் ஒரு தனிக் கதை. இங்கிலாந்தில் 2004-இல் தொடங்கிய 'ஓயிங்க்' என்ற இசைத் தளமும் அது 2007 அக்டோபரில் காவல்துறையால் மூடப்பட்டதும் அதன் இடத்தில் எழுந்த 'வாட்.சிடி'யும்தான் இந்த உலகத்தின் நடைமுறைகளை வகுத்தவை. வாட்.சிடியில் சேர அழைப்பு இல்லாதவர்கள் நேர்காணலுக்கு வர முடிந்தது. எந்த ஒலிக்கோப்பு தரம் இழந்தது, எது இழக்காதது, இழந்ததை இழக்காததுபோல் மாற்றி ஏமாற்றினால் அலைவரிசைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, தளத்தின் முக்கிய விதிகள் எவை என்றெல்லாம் கேட்டார்கள். தோற்றால் காத்திருந்து மறுபடி வர வேண்டியிருந்தது. செக்கிங் டேபிளில் துணியை விரித்துப் பார்க்கிறவரின் கறார்த்தனம் அது. அழைப்பின் பேரில் வருகிறவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஆனால் அவர் தப்பு செய்தால் அழைத்தவரின் கணக்கும் சேர்ந்து போகலாம். யார் யாரை அழைத்தார் என்ற கிளைப்படம் தளத்திடம் எப்போதும் இருக்கும். அழைப்பை விற்பதும் வாங்குவதும் பெருங்குற்றம். இருந்தும் விற்பனை நடக்கிறது, வாங்கியவர்கள் கூண்டோடு நீக்கப்படுகிறார்கள், பணம் திரும்புவதில்லை.

பானர்ஜியும் முன்ஷியும் திருப்பூரில் கண்டதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். சிபாரிசு, நம்பிக்கையை மலிவாக்குகிறது. கூடவே, அறிமுகம் இல்லாத கெட்டிக்காரரை வாசலில் நிறுத்தியும் வைக்கிறது. நேர்காணல் வைத்த தளங்கள் இந்த இரண்டாவது நஷ்டத்தைக் குறைக்க முயன்றன என்று சொல்லலாம். மற்றவை பழைய உறுப்பினர்களின் நட்பு வட்டமாகச் சுருங்கின.

அப்படிச் சுருங்கியும் உழைப்பில் அவர்கள் குறை வைக்கவில்லை. வாட்.சிடியின் இசைப் பட்டியல் கடைகளில் கிடைக்காத பதிப்புகளையும் ஒழுங்காக வகைப்படுத்தி வைத்திருந்தது. ஜே.டி.சாலிஞ்சரின் வெளிவராத மூன்று கதைகள் 2013-இல் கசிந்தபோது அவை முதலில் பரவியதும் அங்கேதான். 2005 முதல் இருக்கும் 'காராகார்கா' வெகுஜனப் படங்களை ஏற்காது. உலகின் கலைப்படங்கள், ஆவணப்படங்கள், ஒரே ஒரு முறை தொலைக்காட்சியில் வந்து மறைந்தவை ஆகியவற்றைத் தேடிச் சேர்க்கிறது. வசன மொழிபெயர்ப்பு இல்லாத படங்களுக்கு உறுப்பினர்களே எழுதிச் சேர்க்கிறார்கள். பிரைவேட் டிராக்கர்களுக்காக வாதாடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தச் சேகரிப்புதான். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்ப் பார்வையாளரின் பழக்கம் இந்தப் பக்கம் போகவே இல்லை. அவருக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை வந்த படம். அதைத் தமிழ்ராக்கர்ஸ் போன்ற திறந்த தளங்கள் 2011 முதல் கூப்பிட்டுக் கொடுத்தன. அழைப்பு, நேர்காணல், ரேஷியோ எதுவும் வேண்டாம். '2.0' படத்துக்காக 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்கச் சொன்னது. முகவரி மாறியது, தளம் நின்றுவிடவில்லை. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், முளைக்க முளைக்கப் புதிய முகவரிகளையும் சேர்த்து முடக்கும் வகையில் உத்தரவை நீட்டித்துக்கொள்ள வழி செய்தது. தமிழ்ராக்கர்ஸ் 2020-இல் ஓய்ந்தது. அதன் இடத்தில் வேறு பெயர்கள் வந்தன. 2024-இல் 'ஏ.ஆர்.எம்.' என்ற மலையாளப் படத்தின் திருட்டுப் பதிப்பு கோயம்புத்தூர் திரையரங்கு ஒன்றில் படம்பிடிக்கப்பட்டது என்று கொச்சி சைபர் போலீஸ் கண்டுபிடித்து, பெங்களூருவில் இருவரைக் கைது செய்தது. திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்த காரியம். வெளிமாநிலத் தொழிலாளர் நிறைந்த இந்த ஊரின் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் படம் ஏற்றிக் கொடுத்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், திருட்டுப் படத்துக்கு இங்கே ஒருபோதும் சிபாரிசு தேவைப்படவில்லை என்பது விளங்கும்.

முடக்கும் உத்தரவுகளிலும் கோணல்கள் நடந்ததுண்டு. 2012-இல் 'மூணு' படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராக ஒரு தடை வாங்கினார்கள். அதைக் காட்டி இணைய நிறுவனங்கள் பைரேட் பே என்ற டொரண்ட் தளத்தோடு விமியோ, டெய்லிமோஷன் போன்ற பொதுக் காணொளித் தளங்களையும் மொத்தமாக அடைத்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் அடைத்தால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்கம் தர வேண்டியிருந்தது.

சட்டத்தில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அப்போது முடக்கப்பட்ட பக்கங்களில், பார்த்தாலே மூன்றாண்டு சிறை என்பதுபோல் ஓர் அறிவிப்பு வந்து பலரைக் கலங்கவைத்தது. வெறுமனே பார்ப்பது குற்றம் ஆகாது. பரப்புவதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்று நீதிபதி கௌதம் படேல் சொன்னார். இந்த வாசகத்தை ரேஷியோவின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திறந்த தளத்தில் எடுத்துவிட்டு மூடுகிறவர் ஓரளவுக்குத்தான் பரப்புகிறார். பிரைவேட் டிராக்கரின் நல்ல உறுப்பினரோ, விதிப்படியே, தளம் சொல்லும் அளவுக்குக் குறையாமல் பரப்பியாக வேண்டும். தளத்தில் அவருக்குப் பெருமை தேடித்தரும் அதே எண், நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியம்.

மூடிய தளம் என்பதால் பாதுகாப்பு என்ற எண்ணமும் அரைகுறையானது. வெளியார் நுழைவது கடினம், சரி. ஆனால் யார் எதை எப்போது எடுத்தார், எவ்வளவு பரப்பினார் என்ற முழுப் பேரேடு ஒரே சர்வரில் இருக்கிறது. ஓயிங்க் வழக்கில் தளத்தை நடத்திய இளைஞர் 2010 ஜனவரியில் விடுதலையானார். அதில் பாடல்களைப் பதிவேற்றிய உறுப்பினர்கள் சிலரோ அதற்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றிருந்தார்கள். டென்மார்க்கில் 2020-இல் 'டேனிஷ்பிட்ஸ்', 'நார்டிக்பிட்ஸ்' என்ற இரு மூடிய தளங்கள் வீழ்ந்தபோது அவற்றை நடத்தியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் மொராக்கோவிலும் ஸ்பெயினிலும் பிடிபட்டார்கள். வாட்.சிடி 2016 நவம்பரில் பிரெஞ்சுக் காவல்துறை சர்வர்களைக் கைப்பற்றியதும் ஒரே நாளில் மறைந்தது. ஒன்பது ஆண்டுகள் சேகரித்த பட்டியலும் அதோடு போயிற்று. உறுப்பினர்களின் ரேஷியோவும்தான்.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இந்தக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னல் நகரத்து வாசகருக்கு ஒரு வேடிக்கை: அந்த வழக்கைக் கொண்டுபோன நிறுவனம் நிட் ப்ரோ, கைப்பின்னல் ஊசி செய்யும் நிறுவனம்.

சினிமாவை விடுவோம். திருப்பூருக்குப் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பொதுவகை மூடிய தளங்கள் பலவற்றில் படங்களுக்குப் பக்கத்திலேயே மென்பொருள் பிரிவும் இருக்கிறது. எம்பிராய்டரி பஞ்சிங், பேட்டர்ன், மார்க்கர், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கான படவேலை என்று இந்த ஊரின் நாள் வேலை முழுக்க விலை உயர்ந்த மென்பொருள்களின் மேல் நடக்கிறது. சிறிய ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர் அவற்றின் விலையைக் கேட்டதும் பூட்டு உடைத்த பதிப்பைத் தேடுவது புரியாத விஷயம் இல்லை. மூடிய தளத்திலிருந்து எடுத்தால் வைரஸ் இருக்காது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. அந்த நம்பிக்கையில் கொஞ்சம் நியாயம் உண்டு. அங்கே பழுதான கோப்பை ஏற்றியவர் யார் என்பது தெரியும். ஆனால் பூட்டு உடைக்கும் சிறு நிரல் உள்ளே என்ன செய்கிறது என்பதை ஏற்றியவரே அறியமாட்டார். 2018 இறுதியிலிருந்து உலகெங்கும் பரவிய 'ஸ்டாப்/டிஜேவியூ' என்ற பணயத் தீநிரல் முக்கியமாகப் பரவியதே இப்படிப்பட்ட உடைப்புக் கருவிகள் வழியாகத்தான். சீசன் நேரத்தில் பஞ்சிங் கோப்புகளும் பையர் அனுப்பிய டெக் பேக்குகளும் ஒரு காலையில் திறக்காமல் போனால், மிச்சப்படுத்திய உரிமத் தொகை ஷிப்மென்ட் தாமதத்துக்கே போதாது.

அதைவிடப் பெரிய கணக்கு அமெரிக்காவில் எழுதப்பட்டிருக்கிறது. திருட்டு மென்பொருளைப் பயன்படுத்திப் பொருள் தயாரித்து அங்கே விற்பது, முறையாகப் பணம் கட்டிய அமெரிக்க உற்பத்தியாளருக்கு எதிரான முறையற்ற போட்டி என்று வாஷிங்டன் மாநிலம் 2011-இல் சட்டம் செய்தது. கலிஃபோர்னியாவின் அப்போதைய தலைமை வழக்குரைஞர் கமலா ஹாரிஸ் 2013 ஜனவரியில் தம் மாநிலத்தின் முறையற்ற போட்டிச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆடை உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். ஒன்று சீனாவின் நிங்போ பியாண்ட் ஹோம் டெக்ஸ்டைல். மற்றொன்று மத்தியப் பிரதேசத்தின் பிரதிபா சின்டெக்ஸ். மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் செலுத்தாமல் செலவைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. வழக்கில் சிக்கியது திருப்பூர்க் கம்பெனி இல்லை என்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கும் மேல் ஏற்றுமதி செய்யும் ஊருக்கு அமெரிக்கா பெரிய சந்தை. சாயக் கழிவுக்காக 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டபோது, பக்கத்து யூனிட்டின் குற்றம் தன் ஷிப்மென்ட்டை எப்படி நிறுத்தும் என்பதை இந்த ஊர் நேரில் பார்த்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பஞ்சிங் மென்பொருளும் அதே சங்கிலியில் ஒரு கண்ணிதான். இந்தியச் சட்டத்திலும் திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கென்று 63பி என்ற தனிப் பிரிவே இருக்கிறது.

இந்த மென்பொருள்களுக்கு மாற்று வழியே இல்லை என்பது பாதி உண்மை. எம்பிராய்டரிக்கு 'இங்க்/ஸ்டிட்ச்' இருக்கிறது. 'இங்க்ஸ்கேப்' என்ற வரைபட மென்பொருளின் மேல் இயங்குவது, தாஜிமா இயந்திரங்கள் ஏற்கும் டி.எஸ்.டி. கோப்பையும் எழுதித் தரும். பேட்டர்னுக்கு 'சீம்லி2டி'. படவேலைக்கு 'கிம்ப்', 'கிரிட்டா'. எல்லாமே இலவசம், சட்டப்படி. துணி வீணாகாமல் மார்க்கர் போடுவதில் இவை விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஓரிடத்தில் பணம் கட்டுவதைத் தவிர நேர்வழி கிடையாது, அல்லது வேலையை உரிமம் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிடலாம். ஊருக்குப் பழக்கமான வழி.

ஆக, பிரைவேட் டிராக்கரில் சேர்வது யாருக்கு லாபம்? புதுப்படம் பார்க்க வேண்டியவருக்கு நஷ்டம்: ஓடிடி சந்தாவைவிடக் கூடுதல் செலவு, கூடுதல் சட்ட ஆபத்து. மென்பொருள் தேடும் யூனிட்டுக்குத் தெளிவான நஷ்டம். மிஞ்சுவது, வேறெங்கும் கிடைக்காத பழைய படத்தையும் இசைப்பதிவையும் தேடும் ஒரு சிறு கூட்டம். அவர்கள் மட்டும் உண்மையிலேயே எதையோ பெறுகிறார்கள். அதுவும் அடுத்த சோதனை வரும்வரை.

அந்தச் சிறு கூட்டத்தின் ஆதங்கத்தில் தமிழுக்கும் பங்கு உண்டு. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. அதற்கும் முந்திய 'கீசக வதம்' என்ற மௌனப் படமும் இல்லை. புனேயின் தேசியத் திரைப்பட ஆவணகம் தொடங்கியதே 1964-இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் போய்விட்டன. இந்தச் சேகரிப்பு வேலையை எடுத்துச்செய்யும் தமிழ்த் தனித்தளம் எதுவும் பெரிதாக எழவில்லை. புதுப்படத்தை முதல் நாளே தரும் தளங்களுக்கு இருந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பழைய படத்தைப் பாதுகாக்க முன்வரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சட்டமோ இந்த இடத்தில் எதிர்பாராத அளவுக்குத் தாராளம். இந்தியாவில் ஒரு திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்தான். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் திரைப்பட உரிமைக்காலம் 2012 இறுதியோடு முடிந்துவிட்டது. 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' ஆகிய 1964-ஆம் ஆண்டுப் படங்கள் 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கணக்கில் சேர்கின்றன. 'திருவிளையாடல்', 'எங்க வீட்டுப் பிள்ளை' உள்ளிட்ட 1965-ஆம் ஆண்டுப் படங்கள் 2026 ஜனவரி 1 முதல். பாட்டுக்கும் வசனத்துக்கும் எழுதியவரின் ஆயுளையொட்டித் தனிக் காலக்கணக்கு உண்டு என்பதால் முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

உரிமைக்காலம் முடிந்த படைப்புகளுக்கான பகிர்வுக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவ் 2012 ஆகஸ்டில் தன்னிடமுள்ள 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல், ஒலி, ஒளித் தொகுப்புகளைப் பிட்டொரண்ட் வழியாகத் தரத் தொடங்கியது. இந்திய மின்னூலகத் திட்டத்தில் வருடப்பட்ட பழைய தமிழ் நூல்களும் அந்த ஆவணகத்தில் இருக்கின்றன. அழைப்பு வேண்டாம், நேர்காணல் இல்லை, ரேஷியோவும் கேட்கமாட்டார்கள். இரவு முழுக்க ஓடும் ஃபைபர் இணைப்பும் பழைய கணினி ஒன்றும் வைத்திருக்கும் திருப்பூர்க்காரர் யாரும் இன்றே அவற்றின் சீடராகலாம். பழைய படங்களின் தரமான பிரதிகள் மட்டும் அந்த வரிசைக்கு இன்னும் வரவில்லை. நெகட்டிவும் நல்ல பிரிண்டும் வைத்திருக்கும் குடும்பங்களும் ஆய்வகங்களும் கொடுத்தால்தான் வரும்.